வலது முன் சக்கரத்தின் எடை

சிக்னி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். நெற்றியில் டார்ச் விளக்கு. கையில் பல் மருத்துவர்கள் வைத்திருப்பது போல நீண்ட காம்புள்ள சின்னக் கண்ணாடி. பாலங்களின் இரும்பில் விரிசல் தேடுவது அவள் உத்தியோகம். மினசோட்டாப் பாலங்களுக்கு அடியில் இருபது வருடமாக இப்படித்தான் படுத்துக் கிடக்கிறாள். அரிசோனாப் பாலைவனத்துச் சரளையில், அப்பாவின் முப்பத்தெட்டு அடி மோட்டார் ஹோமுக்கு அடியில் கிடப்பது அவளுக்குப் பெரிய காரியம் இல்லை.

வெளியே அப்பாவின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"என்ன தேடுற? எண்ணெய் ஏதாவது ஒழுகுதா?"

"இல்லப்பா. தேதி பாக்குறேன்."

"தேதி உள்ள காலண்டர்ல இருக்கு. அடியில எதுக்குப் பாக்குற?"

அவள் கண்ணாடியை அடுத்த டயருக்குப் பின்னால் நீட்டினாள். டயர் ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் நான்கு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். டயருக்கு இரண்டு பக்கம் உண்டு, எண்கள் இருப்பதோ ஒரு பக்கத்தில். மாட்டியவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் தரையில் படுத்தால்தான் படிக்க முடியும்.

இடது முன்பக்கம் 3109. வலது முன்பக்கம் 3109. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு. அவற்றிலும் மூன்றில் 3109. வலது பின்பக்கத்து வெளிச் சக்கரத்தில் மட்டும் 2215. அது வெளியிலிருந்தே தெரிந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம், முப்பத்தொன்றாவது வாரம். இப்போது நடப்பது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜனவரி.

அவள் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டாள். எதிரில் வெள்ளைச் சக்கர உறை போட்ட வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. குளிர் மாதங்களில் வடக்கிலிருந்து வருகிறவர்கள். பக்கத்து வண்டிக்காரர் வென்சல், விஸ்கான்சினில் பால் லாரி ஓட்டியவர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, டயருக்குப் பிறந்தநாள் கொண்டாட வந்தியா?"

"வயசு பாத்தேன். அஞ்சு டயருக்கு ஒம்பதரை."

"பட்டன் புதுசு மாதிரி இருக்கே!" எழுந்து வந்து டயரின் மேடுபள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "என் கட்டைவிரலே பாதி உள்ள போகுது."

"லாரி டயர் ஓடித் தேயும். இது நின்னு நின்னே வயசாகும். பட்டன் அப்படியேதான் இருக்கும். உள்ள ரப்பர் செத்துப்போயிருக்கும்."

வென்சல் தன் வண்டியின் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பினார்.

அப்பா ஆர்லன் ஹாவ்லாண்ட் குறுக்கிட்டார். "ஒம்பதரை எல்லாம் கிடையாது. பதினஞ்சுல போட்ட டயர். உங்கம்மா எழுதி வெச்சிருக்கா."

*

அம்மா மார்டெல் அக்டோபரில் இறந்திருந்தாள். கணையத்தில் புற்று. கண்டுபிடித்ததற்கும் அடக்கத்துக்கும் இடையில் ஏழு வாரம்.

டிசம்பர் பாதியில் சிக்னி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். அப்பாவின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

"எங்கப்பா இருக்கே?"

"நியூ மெக்சிகோ."

"யார் கூட?"

"யார் கூடன்னா? நான்தான்."

யாரிடமும் சொல்லாமல் வடக்கு டகோடாவிலிருந்து கிளம்பியிருக்கிறார். அவருக்கு அப்போது எழுபத்தைந்து. வண்டியின் எடை முப்பதாயிரம் பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. அவர் அரிசோனா முகாமுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம், சிக்னி பத்து நாள் விடுப்பு எடுத்து விமானம் ஏறினாள். பையில் டுலூத்தில் இருக்கும் தன் வீட்டுக் கீழ்த்தளத்தின் வரைபடம் இருந்தது. அவளே அளந்து வரைந்தது. தனி வாசல், தனிக் குளியலறை, பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பிகள். வண்டியைப் பாலைவனத்திலேயே விற்றுவிட்டு அப்பாவை அழைத்துப் போய்விட வேண்டும். ஜனவரியில்தான் வாங்குகிறவர்கள் வருவார்கள். அவள் வந்தது அதற்குத்தான். டயர் பார்த்ததும் அதற்குத்தான். அப்பாவிடம் வெறும் கவலையைக் காட்டினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எண்ணைக் காட்டினால் கேட்பார்.

ஆர்லன் சர்க்கரை பீட்ரூட் விவசாயியின் நான்காவது பிள்ளை. நிலம் முதல் பிள்ளைக்குப் போனது. இவர் நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்து முப்பத்தோரு குளிர்காலம் பனி வழிக்கும் லாரி ஓட்டினார். நாற்பத்தாறு மைல் சாலை, அதே நாற்பத்தாறு. கடைசி மைலை வழித்து முடிக்கும்போது முதல் மைல் மூடியிருக்கும். திரும்பி வருவார். இது பற்றி அவர் குறைப்பட்டுக்கொண்டதை வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை, ஓய்வுபெற்ற அன்று, கேக் வெட்டும்போது, "முடியுற ரோடு ஒண்ணு பாக்கணும்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டது மார்டெல். நில ஆவண அலுவலகத்தில் பதிவு எழுதியவள். கேட்டதை மறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. சில வருடம் கழித்து வீட்டை விற்று, மொண்டானாக்காரர் ஒருவரிடம் இந்த வண்டியை வாங்கினார்கள். அது பதினைந்தாம் வருடக் கோடை. டயரெல்லாம் புதிது என்று அவர் சொன்னார்.

மார்டெல் வலது இருக்கை. மடியில் சாலை வரைபடப் புத்தகம், காலடியில் பை. பைக்குள் பின்னல் நூல், தண்ணீர், நாலைந்து தடிப் புத்தகம், வழியில் பொறுக்கிய கல். எந்தச் சந்திப்பு வந்தாலும் வலப்பக்கம் எட்டிப் பார்த்து, "என் பக்கம் காலி" என்பாள். அதன் பிறகுதான் ஆர்லன் வண்டியை நகர்த்துவார். கண்ணாடியில் அவருக்கே தெரிந்தாலும் அவள் சொல்லும் வரை காத்திருப்பார்.

*

பச்சை அட்டை போட்ட நோட்டை எடுத்துவந்து நாற்காலிக் கையில் விரித்தார் ஆர்லன். நிமிர்ந்த, இடைவெளி பிசகாத எழுத்து.

*டயர் ஆறும்: 2215. இரண்டாயிரத்து இருபத்திரண்டு கோடை வரை கவலை இல்லை.*

"பாத்தியா?"

"அவ ஒண்ணைத்தான் பாத்திருக்காப்பா. வலது பின்னாடி, வெளி டயர். அதுல மட்டும்தான் நம்பர் வெளிய தெரியுது. வித்தவன் அதை மட்டும் மாத்திட்டு எல்லாம் புதுசுன்னுட்டான்."

"மார்டெல் எழுதினா தப்பா இருக்காது."

"எழுதினதுல தப்பில்ல. பாத்தது ஒண்ணு."

"டார்ச்சைக் குடு."

அவர் தரையில் படுக்கவே ஒரு நிமிடம் ஆனது. முதலில் ஒரு முழங்கால், பிறகு கை, பிறகு தோள். பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க உள்ளே ஊர்ந்தார். அடியிலிருந்து குரல் வந்தது. வானொலியில் வானிலை வாசிப்பது போல.

"மூணு, ஒண்ணு, சைபர், ஒம்பது." இழுபடும் சத்தம். "மூணு, ஒண்ணு, சைபர், ஒம்பது."

ஐந்தையும் படித்தார். படித்து முடித்த பிறகும் வெளியே வரவில்லை. சிக்னி நோட்டைப் புரட்டினாள். அம்மா எல்லாப் பயணத்தையும் எழுதியிருந்தாள். கொலராடோவில் பதினோராயிரம் அடி உயரக் கணவாய், இறக்கத்தில் பிரேக் வாசனை. நெவாடாவில் நூற்றுப் பதினான்கு டிகிரி வெயிலில் இருநூறு மைல். முன் டயர் ஒன்று ஓட்டத்தில் வெடித்தால் இவ்வளவு பெரிய வண்டி எந்தப் பக்கம் இழுக்கும், நிற்க எத்தனை அடி வேண்டும் என்று சிக்னியின் மனம் தானாகவே கணக்குப் போட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆர்லன் வெளியே வந்தார். முதுகெல்லாம் சரளைப் பொடி.

"அவளுக்கு முட்டி மடங்காது" என்றார். "நின்னுக்கிட்டே படிக்க முடிஞ்சது அந்த ஒண்ணுதான். நான் படுத்துப் பாத்திருக்கணும்."

சிக்னி இதற்காகத்தான் காத்திருந்தாள். நேரம் இது இல்லை என்று தெரிந்தும் வரைபடத்தை எடுத்தாள்.

"அப்பா, இதை இப்படியே இங்க வித்துடலாம். டயர் பழசுன்னு சொல்லியே விப்போம், ஏமாத்த வேணாம். என்கூட வந்துடு. இதைப் பாரு."

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். நிதானமாக, ஒவ்வோர் அறையாக.

"வாசல் நல்ல இடத்துல இருக்கு. இந்தக் கம்பி எதுக்கு?"

"குளிக்கும்போது பிடிச்சுக்க."

"ம்." மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஆறையும் மாத்திடுறேன்."

"எதை?"

"டயரை. நீதானே சொன்ன, செத்துப்போச்சுன்னு."

"நான் அதுக்குச் சொல்லலப்பா!"

"பின்ன எதுக்குச் சொன்ன?"

நாற்காலியிலிருந்து வென்சல் சிரிப்பது கேட்டது.

மறுநாள் காலை சிக்னி காபிக் கோப்பையோடு நடக்கப் போனாள். வரிசையில் பதினோரு வண்டிகளுக்கு அடியிலிருந்து கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வென்சலின் கால்களை அவருடைய காலுறையை வைத்து அடையாளம் கண்டாள்.

"என்ன நம்பர் வருது?" என்று குனிந்து கேட்டாள்.

"சொல்ல மாட்டேன். என் பெண்டாட்டி உன் பின்னாடிதான் நிக்கிறா."

*

எஃப்ரைன் பக்கத்து ஊரில் கனரக டயர்க் கடை வைத்திருந்தார். ஜாக்கியும் காற்று இயந்திரமும் ஏற்றிய லாரியோடு பாலைவனத்துக்கே வந்து மாட்டுவார். தன்னைவிட மூத்தவர்களை அவர் பேர் மட்டும் சொல்லிக் கூப்பிடுவதில்லை; ஸ்பானிய வழக்கப்படி மரியாதைக்கு முன்னால் 'டான்' சேர்ப்பார்.

"டான் ஆர்லன், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, லாரிக் கம்பெனியில கழட்டின டயர். ரெண்டு வருஷம் ஓடினது, இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். விலை மூணுல ஒரு பங்கு. சீக்கிரம் விக்கிறவங்க அதைத்தான் போடுறாங்க. இன்னொண்ணு புதுசு. ஏழு வருஷம்."

"ம்."

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?"

எழுபத்தைந்தும் ஏழும் எண்பத்திரண்டு. மூவருமே அந்தக் கூட்டலைப் போட்டார்கள் என்பது சிக்னிக்குத் தெரிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லாத முகம் அது.

"கழட்டினதே போதும்பா" என்றாள். "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்துக்கலாம்." விட்டுக்கொடுப்பது போலச் சொன்னாள். ரெண்டு என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் போதும்.

ஆர்லன் அவளைப் பார்க்கவில்லை. "புதுசு" என்றார். "ஆறும். வெயிட் தாங்குற பெரிய வகை. எல்லாம் நேர்க்கோட்டுப் பட்டன். பின்னாடிக்கு அந்தப் பனி லாரிப் பட்டன் வேணாம், சத்தம் போடும். முப்பத்தோரு வருஷம் கேட்டாச்சு."

"சரி."

"பேப்பர்ல தேதி எழுதிக் குடுங்க. ஆறு மாசத்துக்கு மேல பழசா இருந்தா இறக்காதீங்க."

மூன்றாம் நாள் எஃப்ரைன் ஆறு டயரோடு வந்தார். ஆர்லன் லாரியில் ஏறி ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். 4617.

"பதினாலு மாசம்."

"கிடங்குல வெயில் இல்ல, மழை இல்ல, டான் ஆர்லன். தூங்கிக்கிட்டு இருந்துச்சு. புதுசுதான்."

"தூங்கினாலும் வயசு ஏறும். எனக்கு ஏறுதே."

"பதினாலு மாசத்துல என்ன குறைஞ்சிடப் போகுது?"

"எனக்கு வேணும் அந்தப் பதினாலு மாசம்" என்றார் ஆர்லன். லாரியிலிருந்து இறங்குவதற்குக் கைப்பிடியைத் தேடினார். சிக்னி கை கொடுக்க வந்தாள். அதற்குள் இறங்கிவிட்டார்.

எஃப்ரைன் டயர்களைத் திருப்பிக் கொண்டுபோனார். நான்கு நாள் கழித்து வந்தபோது தொலைவிலிருந்தே கையை ஆட்டினார். "எட்டு வாரம்! தொப்புள்கொடி இன்னும் காயல!"

4718. ஆறிலும்.

*

மாற்றுவதற்குக் காலை முழுவதும் பிடித்தது. மணலில் ஜாக்கி புதையாமல் இருக்கத் தடித்த பலகைகளைப் போட்டார்கள். சிக்னி நட்டுகளின் இறுக்கத்தை அளக்கும் நீண்ட ஸ்பானரை வாங்கி ஒவ்வொன்றையும் தானே சரிபார்த்தாள். எஃப்ரைன் ஆட்சேபிக்கவில்லை. எண்கள் வெளியே தெரியும்படி மாட்டச் சொன்னார் ஆர்லன்.

இடது பின்பக்கத்து உள் சக்கரம் கழன்று வந்தபோது எஃப்ரைன் வேலையை நிறுத்தினார். வெளிச் சக்கரத்தை ஒட்டியிருந்த அதன் மறுபக்கத்தை அதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வட்டமாக ஒரு வெடிப்பு. பாதிச் சுற்று ஓடியிருந்தது. சிக்னி தன் பையிலிருந்து மெல்லிய அளவுத் தகடுகளை எடுத்து வெடிப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகினாள். ஐந்தாவது தகட்டில் உள்ளே கம்பிவலையின் கரகரப்பு விரலுக்குத் தெரிந்தது.

எஃப்ரைன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதுலதான் வடக்கு டகோடாவிலேர்ந்து வந்தியாப்பா?"

"ஆமா."

"தனியா."

"தனியாத்தான்." வெடிப்பின் மேல் விரலை ஓட்டினார். "அதுக்கு முன்னாடி உங்கம்மாவும் இதுலதான் வந்தா" என்றார்.

அன்று மதியம் அவர் பச்சை நோட்டில் எழுதினார். அம்மா எழுதிய வரியை அடிக்கவில்லை. கீழே, தன் கோணல் எழுத்தில்: *அஞ்சு 3109. நான் படுத்துப் பார்க்கவில்லை. இப்போது ஆறும் 4718. ஆ.*

*

டயர் மாற்றியவர்கள் எடை போட வேண்டும். டயரில் அச்சடித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்சக் காற்று. எவ்வளவு வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் உள்ள எடையைப் பார்த்து அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். அந்த வாரம் முகாமில் லவோன் தன் ஆட்களோடு எடைத் தட்டுகளைப் பரப்பியிருந்தாள். பள்ளிப் பேருந்து நிலையத்தை நடத்தி ஓய்வுபெற்றவள். கழுத்தில் விசில். வண்டியின் நான்கு மூலைகளையும் தனித்தனியாக எடை போடுவாள்.

அவளுக்கு ஒரு விதி. பயணத்தில் எது எங்கே இருக்குமோ அது அங்கே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியும் டீசலும் நிரம்பியிருக்க வேண்டும். நாய் தன் இடத்தில். புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் இருக்கையில். சென்ற வருடம் எடை போட்ட தாள் ஆர்லனிடம் இருந்தது. வலது முன்பக்கம் 5,860 பவுண்டு.

"உன் பெண்டாட்டி அன்னிக்கு என்கிட்ட சண்டை போட்டா" என்றாள் லவோன். "எடையில தன் பங்கு எவ்வளவுன்னு உனக்குச் சொல்லக் கூடாதாம்."

"நூத்தி முப்பத்தஞ்சுன்னு சொல்லுவா."

"நீ நம்பின?"

"நாப்பத்தேழு வருஷமா நம்பினேன்."

லவோன் சிரித்தாள். பிறகு அவர் தோளில் ஒரு முறை தட்டிவிட்டு, "சரி, ஏறு. மக வலது சீட்டா? ஏறச் சொல்லு" என்றாள்.

சிக்னி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள். பத்து நாளில் எட்டு நாள் போய்விட்டது. அந்த இருக்கையில் உட்காருவது அன்றுதான் முதல் தடவை. எதிரே பெரிய கண்ணாடி, அதற்கு அப்பால் பாலைவனம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஆர்லன் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் தொட்டார். திருப்பவில்லை.

"நீ இறங்கு."

"ஏம்ப்பா? ஆள் இருக்கணும்னு சொல்றாங்கல்ல."

"யார் போவாங்களோ அவங்கதான் இருக்கணும். நான்தான் போகப் போறேன்."

"ஒரு நூத்தைம்பது பவுண்டு வித்தியாசம்தானே. நான் உக்காந்திருக்கேனே."

"சிக்னி, அது சரியான எடை இல்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் தன் வேலையில் நூறு தடவையாவது சொன்ன வாக்கியம் அது, அதே தொனியில். பாலத்தின் மேல் இல்லாத லாரியை இருப்பதாக வைத்துக்கொண்டு யாராவது கணக்குக் காட்டினால் இதைத்தான் சொல்வாள்.

பெல்ட்டை எடுத்துவிட்டுப் படியிறங்கினாள். கதவு மூடியது. வண்டி மெதுவாக நகர்ந்து தட்டுகளின் மேல் ஏறி நின்றது. லவோன் விசில் ஊதினாள். சின்னத் திரையில் எண்கள் தடுமாறி நின்றன.

வலது முன்பக்கம் 5,640.

இருநூற்று இருபது குறைவு. வலது இருக்கை முன் அச்சுக்கும் முன்னால் இருப்பது. அதில் உட்காருகிறவரின் எடை சக்கரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே விழும். அதைக் கழித்து, காலடிப் பையையும் கழித்தால் அம்மா நூற்று ஐம்பதைத் தாண்டியிருந்திருக்கிறாள். சிக்னி மனத்துக்குள் போட்ட கணக்கு அது. யாரிடமும் சொல்லவில்லை.

லவோன் அட்டவணையில் விரலை ஓட்டினாள். "முன்னாடி கனமான பக்கம் இதுதான், அதனால ரெண்டுக்கும் ஒரே காத்து. போன வருஷம் நூறு போட்டிருந்தோம். இப்போ தொண்ணூத்தஞ்சு போதும், ஆர்லன்."

"அஞ்சு பவுண்டு குறைக்கணும்."

"அஞ்சு குறைக்கணும்."

அவரே குனிந்து வால்வின் மூடியைத் திருகினார். காற்று சீறியது. நிறுத்தி அளந்தார். இன்னும் கொஞ்சம் விட்டார். மூடியை மாட்டிக்கொண்டு இடது பக்கம் போனார். சிக்னி பின்னால் போகாமல் அங்கேயே நின்றாள்.

*

பத்தாம் நாள் அவளை விமானத்துக்கு ஏற்றிவிடும் சிற்றுந்து ஊர்ச் சந்தியிலிருந்து கிளம்பும். ஆர்லன் வண்டியிலேயே கொண்டுவிட்டார். சிக்னி வலது இருக்கையில். வரைபடம் பையின் அடியில் இருந்தது. இதுவரை அவள் நான்கு தடவை அதை வெளியே எடுத்திருந்தாள். கடைசித் தடவை அவர், "அந்தக் கம்பியைப் போட்டு வை. நான் வராமலா போவேன்?" என்றார்.

மண் பாதை நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் வண்டி நின்றது. வலப்பக்கமிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு இடைவெளி. சிக்னி எட்டிப் பார்த்தாள்.

"என் பக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

வண்டி ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தாள். வலது பக்கக் கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கை அளவு குவிந்த கண்ணாடி ஒன்று ஒட்டியிருந்தது. அதில் சாலை முழுவதும் வளைந்து தெரிந்தது. ஒட்டிய பசையின் ஓரத்தில் தூசி படிந்திருந்தது. வடக்கு டகோடாவிலிருந்து கிளம்பும் முன்பே ஒட்டியிருக்க வேண்டும்.

அவர் அறுபதுக்கு மேல் போகவில்லை. பனி லாரி ஓட்டியவர்களுக்கே உரிய மாதிரி, ஸ்டியரிங்கை இறுக்காமல் விரல்களால் பிடித்திருந்தார். சந்தியில் இறங்கும்போது சிக்னி சொன்னாள்: "ஒவ்வொரு மாசமும் முதல் தேதி காத்துப் பாரு. வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி, டயர் குளிர்ந்திருக்கும்போது."

"யாருக்குச் சொல்ற?"

"உனக்குத்தான். எழுதியும் வை."

"உங்கம்மா மாதிரியே பேசு."

*

அவர் நான்கு குளிர்காலம் ஓட்டினார், ஐந்தாவதிலும் பெரும்பகுதி. ஒரேகான் கடற்கரைக்குப் போய் சாலை கடலில் முடிகிற இடத்திலிருந்து ஒரு தபால் அட்டை போட்டார். *முடிந்தது. திரும்புகிறேன்* என்று மட்டும் எழுதியிருந்தது. கோடையில் ஆறு வாரம் டுலூத்தில் வந்து தங்குவார். குளியலறைக் கம்பியில் துண்டைக் காயப்போடுவார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஏப்ரலில், நியூ மெக்சிகோவில் ஒரு முகாமில், காலைக் காபி குடித்த நாற்காலியிலேயே இறந்திருந்தார். பக்கத்து வண்டிக்காரர்கள் தூங்குகிறார் என்று நினைத்து மத்தியானம் வரை தொந்தரவு செய்யவில்லை.

சிக்னி விமானத்தில் போனாள். செய்ய வேண்டிய காகித வேலைகளைச் செய்து முடித்தாள். பிறகு வண்டியைச் சுற்றி வந்தாள். 4718, ஆறிலும். ஏழு வருடத்தில் இன்னும் இரண்டரை மிச்சம் இருந்தது. பச்சை நோட்டில் அவர் மாதந்தோறும் எழுதியிருந்தார். ஐம்பத்தோரு வரி. *வலது முன் 95.* *வலது முன் 95.* ஒரு பிப்ரவரியில் *94. ஒன்று ஏற்றினேன்.* அளவுக் கருவியை எடுத்து வால்வில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து. ஓட்டுபவர் ஒருவர், வலது இருக்கை காலி. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூறு மைலைத் தனியாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள்.

ஆகஸ்டில் அயோவாவிலிருந்து ஒரு தம்பதி வண்டி பார்க்க வந்தார்கள். கணவர் சக்கரத்தின் பட்டனில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"பட்டன் அருமையா இருக்கு."

சிக்னி டார்ச்சைக் கொடுத்தாள். "நம்பர் வெளியதான் இருக்கு. இருந்தாலும் படுத்து உள்பக்கமும் பாத்துடுங்க. ஆறையும்."

அவர் தயங்கிவிட்டுப் படுத்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "விரிசல் ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். காத்து எவ்வளவு வெக்கணும்?"

"எடை போட்டுப் பாத்துட்டு வெய்யுங்க."

"உங்கப்பா எவ்வளவு வெச்சிருந்தார்?"

"முன்னாடி தொண்ணூத்தஞ்சு. அது அவர் தனியாப் போனதுக்கு. நீங்க ரெண்டு பேர்." அவருடைய மனைவியின் பக்கம் திரும்பினாள். "எடை போடுறப்போ நீங்க வலது சீட்ல உக்காந்திருக்கணும். கால்கிட்ட என்ன பை வெப்பீங்களோ அதுவும் இருக்கணும்."

"அய்யய்யோ, அப்போ என் வெயிட் இவருக்குத் தெரிஞ்சிடுமே!" என்றாள் அந்த அம்மாள்.

"தெரியும்" என்றாள் சிக்னி. சாவியை அவளிடமே கொடுத்தாள்.